எல்லா பேண்டிலும் வலது ஓரம்

போன மாதம் நஸ்ரின் ஒரு வீடியோ அனுப்பினாள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த செவித்திறன் சோதனை வேலையை இப்போது பார்ப்பவள் அவள். 'முகத்துவாரம்' என்ற ராக் குழுவைப் பற்றிய வீடியோ அது. குழுவில் இருப்பவர்கள் பிரபலமாவதற்கு முன்னால் எங்கெல்லாம் வாசித்தார்கள், இப்போதும் இடையிடையே வேறு எந்தெந்தக் குழுக்களோடு வாசிக்கிறார்கள் என்று ஒரு பையன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறான். பாடகர் வினோத் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனி ஒன்றின் ஆபீஸ் பேண்டில் பாடியது, டிரம்மர் கிதியோன் சர்ச்சில் வாசித்தது, கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தது, சித்தப்பாவின் பேண்டு செட்டோடு சாவு வீடுகளுக்குப் போனது, ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்தது, எல்லாமே அதில் இருக்கிறது.

மாமல்லபுரம் கடற்கரைக் கச்சேரியைப் பற்றி அந்தப் பையன் சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரம்ஸ் செட்டை மேடையில் ஆளில்லாமல் விட்டுவிட்டு, சாவுக்கு வாசிக்கும் பேண்டு செட்டைக் கீழே மணலில் நிறுத்தி வாசிக்கவைத்தது பெரிய துணிச்சலான பரிசோதனையாம். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அத்தனை பேரும் பயத்தில் செத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இந்த டிரம்மர் வருஷா வருஷம் நம்மகிட்ட டெஸ்டுக்கு வர்றவர்தானே? முதல் தடவை நீங்கதான் பார்த்தீங்களாமே. எழுதுங்களேன்" என்றாள் நஸ்ரின். நோயாளியைப் பற்றி அவர் அனுமதியில்லாமல் வாய் திறக்கக் கூடாது. கிதியோனையே கேட்டேன். "எழுதுங்கக்கா. ஆனா என்னை ரொம்ப நல்லவனா எழுதி வெச்சுடாதீங்க" என்றான். குழுவின் பெயர் உட்பட எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் பயந்த சுபாவம் கொண்டவள். லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்காகச் சுற்றிக்கொண்டு போய் ரயில் பிடித்த நாட்கள் உண்டு. எனக்கு வாய்த்த வேலையோ ஆட்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது. சென்னையில் படித்ததையும் அங்கே பயிற்சி எடுத்ததையும் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், பாஸ் செய்தேன், திருமணம் ஆனது, செங்கல்பட்டில் வேலை கிடைத்தது.

காது கேட்கும் அளவைச் சோதிக்கும் அறை குளிர்சாதனப் பெட்டியைப் போலத் தடித்த கதவுள்ள சின்ன அறை. கதவைச் சாத்தியதும் வெளியே உள்ள சத்தம் நின்றுவிடும். அதற்குப் பிறகு நம் எச்சில் விழுங்குகிற ஓசை கேட்கும், காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். முதல் நாள் நானே உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வியர்த்து வெளியே வந்தேன். மின்சார ரயில் போகும்போது மட்டும் அந்த அறையின் தரை லேசாக அதிரும். அப்போது தாழ்ந்த ஒலிகளைச் சோதிக்க முடியாது, ரயில் போகும்வரை காத்திருப்போம்.

நோயாளியின் கையில் ஒரு பொத்தானைக் கொடுப்போம். ஹெட்ஃபோனில் சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் ஒலி அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அமுக்க வேண்டும், என் பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். கேட்கக் கேட்க ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். கேட்காமல் போனால் கொஞ்சம் ஏற்றுவேன். எந்த இடத்தில் கேட்டும் கேட்காமலும் தடுமாறுகிறாரோ அங்கே புள்ளி வைப்பேன். ஒலிக்கும் ஒலிக்கும் இடையில் ஒரே இடைவெளி விடக் கூடாது என்பது பாலபாடம். ஆனாலும் மனிதக் கை தானே, எவ்வளவு மாற்றி அனுப்பினாலும் அதற்கென்று ஒரு போக்கு வந்துவிடும்.

எங்கள் டாக்டர் கமலக்கண்ணன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. காது டாக்டர் இப்படி முணுமுணுத்தால் நோயாளிக்கு எப்படிக் கேட்கும் என்று புதிதாக வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அதுவேதான் அவருடைய சோதனை. நோயாளிக்குப் பின்னால் அலமாரியில் எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டு, "ஃபேன் போடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்பார். இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை, அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை. கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

அவரிடம் எனக்கு மரியாதையைவிடப் பயம்தான் அதிகம். திட்ட மாட்டார். ஆனால் அவர் மேஜைக்கு அடியில் ஒரு குட்டை ஸ்டூல் இருந்தது. செய்தி மோசமாக இருந்தால் தன் நாற்காலியை விட்டு எழுந்து, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி உட்காருவார். வாயசைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஸ்டூலின் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டாலே நாங்கள் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவோம்.

அவர் யாரிடமும் "சரியாயிடும்" என்று சொன்னதில்லை. ஏன் சார், ஆறுதலுக்காவது சொல்லலாமே என்று ஒரு முறை கேட்டேன். "ஆகலன்னா, அவங்க கடைசியா கேட்ட வார்த்தை அதுவா இருக்கும், சுகந்தி" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேட்காததுபோல நடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆலை ஒன்றிலிருந்து நஷ்டஈடு கேட்டு வந்த ஒருவர் அசையாமல் சிலைபோல உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "பாவம், பர்ஸ் கீழ விழுந்திருக்கு" என்று முணுமுணுத்ததும் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அதில் பயமில்லை. காது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், சந்தோஷம்தான். கேட்பதுபோல நடித்தவனை என் சர்வீஸில் ஒரே ஒருவனைத்தான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை முற்பகல் கிதியோனை வினோத் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போதுதான் அவர்கள் பாட்டு ஷேர் ஆட்டோவில் எல்லாம் ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் கம்பவுண்டர் மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு செல்ஃபி எடுக்கப் போய்விட்டார். கிதியோன் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினான். யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையே திருப்பினான். நல்ல மரியாதையான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல டாக்டர், சின்ன அடைப்பு. முந்தாநாள் காத்தால எழுந்ததுலேர்ந்து லெஃப்ட்டு காதுல பஞ்சு வெச்ச மாதிரி கீது. அழுக்குதான். எடுத்துவுட்டீங்கன்னா கெளம்பிடுவேன். சனிக்கிழமை மாபலிபுரத்துல கச்சேரி."

வினோத் குறுக்கிட்டான். "சார், நேத்து ரிகர்சல்ல இவன் ரெண்டு தடவை லேட்டா வந்தான். இத்தனை வருஷத்துல இவன் லேட்டா வந்ததே இல்லை. அதான் இழுத்துட்டு வந்தேன்."

டாக்டர் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். அழுக்கு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இந்த வேலையில் அழுக்கைப் போல நல்ல செய்தி கிடையாது, தண்ணீர் அடித்து எடுத்துவிட்டால் அந்த நிமிடமே கேட்டுவிடும்.

"காது சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். கிதியோன் பாராட்டு வாங்கியவன் மாதிரி சிரித்தான். நான் போய்ச் சோதனை அறையின் விளக்கைப் போட்டேன்.

சோதனை அறையில் அவனை உட்காரவைத்தேன். நன்றாகக் கேட்கும் காதில்தான் முதலில் தொடங்க வேண்டும். "எந்தக் காது நல்லா கேக்கும், தம்பி?" என்றேன்.

"லெஃப்ட்டு" என்றான், யோசிக்காமல்.

அடைப்பு என்று அவன் சொன்னதும் அதே லெஃப்ட்டுதான். குழம்பியிருக்கிறான் என்று நினைத்து, சரி, நீலத்திலேயே தொடங்குவோம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் வினோத் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் பலமான ஒலிகள். விளக்கு டக் டக்கென்று எரிந்தது. குறைத்தேன், எரிந்தது. இன்னும் குறைத்தேன், எரிந்தது. சாதாரணக் காதுக்கே கேட்கத் திணறும் அளவுக்கு வந்துவிட்டேன், அப்போதும் எரிந்தது.

"நார்மல்தானே மேடம்?" என்றான் வினோத்.

நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கண்ணாடி வழியாகக் கிதியோனின் வலது குதிகால் கண்ணில் பட்டது. தரையைத் தொட்டும் தொடாமலும் அது எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அவன் கண் என் தோளின் மேல் இருந்தது.

நான் இயந்திரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஹெட்ஃபோனில் எதுவும் போகவில்லை. விளக்கு எரிந்தது, அணைந்தது. சிறிது இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் எரிந்தது.

"யாரு மேடம் சவுண்டு அனுப்புறாங்க?" என்றான் வினோத்.

"யாரும் அனுப்பல" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒன்றுமே கேட்காமல் புன்னகையோடு அமுக்கிக்கொண்டிருந்தான். முதலில் அனுப்பிய பலமான ஒலிகளிலிருந்து என் கையின் போக்கைப் பிடித்துக்கொண்டான், தப்பாமல் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தான்.

என் நாற்காலியைத் திருப்பித் தோள் தெரியாதபடி உட்கார்ந்து, இஷ்டத்துக்கு விட்டு விட்டு அனுப்பினேன். அவன் தாளம் கலைந்துபோனது. இடது காதில் உரக்கக் கத்தினால் கேட்கும் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. இவ்வளவு நேரமும் பாதி வாயசைவைப் பார்த்து ஊகித்துத்தான் எங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறான். சிவப்புப் பக்கத்துக்கு மாற்றினேன். ஏற்றிக்கொண்டே போனேன், இயந்திரம் அதற்கு மேல் போகாது என்கிற இடம்வரைக்கும். விளக்கு எரியவே இல்லை. அவனுடைய புன்னகையும் நின்றுவிட்டது.

டாக்டர் சோதனைத் தாளைப் பார்த்தார். அவனுக்கு இடது பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி கேட்டார்: "எந்தெந்த பேண்டுல வாசிச்சிருக்கே? ஒவ்வொண்ணா சொல்லு. எங்க உக்காந்தேன்னும் சொல்லு."

விசித்திரமான கேள்வி என்று எனக்குத் தோன்றியது. கிதியோனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனதோடு வலது காது போய்விட்டது. தெருப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் அவனுடைய முதல் பேண்டு. நடுவில் உட்கார்ந்து அடித்தான். வலது பக்கம் நின்ற கிட்டார்க்காரன் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தியது கேட்காமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். "செவுட்டுப் பையன் எப்டிடா தாளம் போடுவான்னு அன்னிக்கே தூக்கிட்டானுங்க. அப்பாலேர்ந்து எவன்கிட்டயும் சொல்றதில்ல" என்றான்.

அதன் பிறகு சர்ச்சில் ஆர்கன் இடது பக்கம் வரும்படி சுவரோரம் உட்கார்ந்தான். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் மேடையின் வலது ஓரம், மற்ற எல்லோரும் இடது பக்கம் வரும்படி. பாடுகிறவர்களின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்வான். சித்தப்பாவின் பேண்டு செட்டில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், அங்கேயும் வலது வரிசைதான். ரிசார்ட்டில் வலது பக்கம் தூண் இருந்தது, நிம்மதியாக இருந்தது. முகத்துவாரத்தில் சேர்ந்த முதல் நாளே வலது மூலை வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான்.

"ராசின்னு சொன்னியேடா" என்றான் வினோத்.

வினோத் அவன் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"அப்போ ஸ்டேஜ்ல நான் உன் ரைட் சைடு வந்து காதுல சொன்னதெல்லாம்?"

"தலைய ஆட்டிக்கினு இருப்பேன் மச்சான். நீ நல்லதுதான சொல்லியிருப்ப."

வினோத் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அப்போது ஸ்டூலின் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கிதியோனின் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். இருப்பது ஒரு காது, அதுவும் திடீரென்று இறங்கியிருக்கிறது. ஏன் என்று பெரும்பாலும் தெரியாது. உடனே மருந்து கொடுத்தால் சிலருக்குத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. நாட்கள் போகப்போக வாய்ப்பு குறையும். மாத்திரை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், செவிப்பறை வழியாக ஊசி போட வேண்டும், பலத்த சத்தத்தின் பக்கமே போகக் கூடாது.

"சனிக்கிழமை மட்டும் அடிச்சுட்டு வந்துடறேன், டாக்டர்."

"உன்னை யாரும் கட்டிப்போட மாட்டாங்க. போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் பயமா இருக்கு" என்றார் டாக்டர். பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் முதல் ஊசி. வலது கன்னம் படுக்கையில் படும்படி, இடது காது மேலே இருக்கும்படி படுக்க வேண்டும். செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் துளைத்து, மருந்தை நடுக்காதுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார் டாக்டர். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நான் அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

காதுக்குள் மருந்து நிரம்பியதும் மிச்சமிருந்ததும் அடைந்துபோகும் என்று எனக்குத் தெரியும், அவனிடமும் சொல்லியிருந்தோம். ஆனால் மற்றவர்களுக்கு இன்னொரு காது இருக்கும். இவனுக்கு உலகம் மொத்தமாக நின்றுபோனது. அவன் கண்கள் பெரிதாவதைப் பார்த்தேன்.

"அக்கா" என்று கத்தினான். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் பேசறேனா? பேசறது வெளில வருதா? எனக்கே கேக்கல அக்கா."

வருகிறது, வருகிறது என்று வாயசைத்தேன். பேசாதே என்று கையைக் காட்டினேன். என் சேலைத் தலைப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு இறுக்கிப் பிடித்தான். வாயோரத்தில் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன். அந்த அரை மணி நேரமும் நான் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன், இது நிரந்தரமாகிவிட்டால் இவன் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் சொல்வதற்குக் காது இல்லை. ரயில் ஒன்று போனது. கட்டில் அதிர்ந்ததும் என்ன என்று கண்ணாலேயே கேட்டான். ரயில் என்று எப்படி வாயசைத்தாலும் அவனுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மதியம் மறுசோதனைக்கு வரச் சொல்லியிருந்தோம். வரவில்லை. போன் அடித்தால் அவனுக்குக் கேட்காது, செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"நம்ம வேலை சொல்றதோட முடிஞ்சுதும்மா" என்றார். சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து, காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு அடைப்பான்கள் இருந்த சின்ன டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் போவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பின் இருக்கைப் பையன்கள் கச்சேரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், போனில் முகத்துவாரத்தின் பாட்டை வைத்துச் சேர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். இந்நேரம் கிதியோன் அடித்துக்கொண்டிருப்பானோ, நான் போய்ச் சேர்வதற்குள் காது போய்விடுமோ என்று புடவை நுனியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. சவுண்டு சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலையிலிருந்து இறங்கும்போதே நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. மேடைக்குப் பின்பக்கம் போய், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் வழிவிட்டார்கள்.

மேடையின் வலது மூலையில் டிரம்ஸுக்குப் பின்னால் கிதியோன் உட்கார்ந்திருந்தான், கையில் குச்சிகள். அடிக்கவில்லை. அவனுக்கு எதிரே வினோத் நின்றுகொண்டிருந்தான். கீழே மணலில், வினோத் வரவழைத்திருந்த பேண்டு செட்டு ஆட்கள் சிவப்புச் சீருடையில் ஒரு வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த கிதியோனின் சித்தப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு பாட்டு அக்கா" என்றான் கிதியோன் என்னைக் கண்டதும். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

நான் அவனுடைய இடது பக்கம் போனேன். "வேணாம் கிதியோன். பயமா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பயம் இல்லன்னு நெனச்சுக்கினீங்களா? அடிச்சா போயிடுமோன்னு பயமாத்தான் கீது. ஆனா அடிக்காம வூட்ல குந்திக்கினு இருக்கறப்போ அதுவா போயிடுச்சுன்னா? கடைசியா ஒருதபா கேட்டுட்டுப் போவட்டுமே அக்கா. நீங்க சொல்லுங்க, திரும்பி வந்துடும்னு சொல்லுங்க, எழுந்து வந்துடறேன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

வினோத் சுற்றிக்கொண்டு வந்து அவனுக்கு இடது பக்கம் மண்டியிட்டான். "டேய், முதல் பேண்டுல உன்னைத் தூக்கினாங்கன்னு சொன்னே. நாங்க தூக்கல. இந்த சீட்டுல இன்னைக்கு வேற எவனும் உக்கார மாட்டான். காலியா இருக்கட்டும், ஜனம் பாக்கட்டும். நீ எழுந்து போ."

"டிரம்ஸ் இல்லாம எப்டிடா?"

கீழேயிருந்து சித்தப்பா சத்தமாகச் சொன்னார்: "நைனா, எத்தினி சாவுக்கு எங்க கூட வந்து அடிச்ச. இன்னிக்கு உனுக்காக நாங்க அடிக்கிறோம். எறங்கி வா."

அவன் குச்சிகளை டிரம்ஸின் மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். நான் டப்பாவைக் கொடுத்தேன். அடைப்பானை இடது காதில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே கேட்காத ஆளாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தான். நாங்கள் பஸ் ஏறும்போது பின்னால் டிரம்பெட்டும் பெரிய டிரம்மும் ஆரம்பித்தன. கூட்டம் கத்துவது கேட்டது. ஆரம்பித்துவிட்டார்களா என்று அவன் கண்ணாலே கேட்டான், ஆமாம் என்று தலையசைத்தேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு சில வாரங்கள் மாத்திரையும் ஊசியுமாகப் போயின. ஒவ்வொரு ஊசிக்கும் அதே அரை மணி நேரம், அதே கண்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூடக் கேட்டதே என்று நன்றி சொல்லிக்கொண்டேன். என் கணவர், "ஆஸ்பத்திரியை அங்கேயே விட்டுட்டு வாயேன்" என்றார். முடிந்தால் விட்டுவிட்டு வர மாட்டேனா?

சிகிச்சை முடிந்து கடைசிச் சோதனை. கிதியோன் தானாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். காலைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டான். வினோத்தும் டாக்டரும் என் பின்னால் நின்றார்கள். ஸ்டூல் டாக்டரின் அறையிலேயே இருந்தது, அதை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

தாழ்ந்த ஒலிகளுக்கு விளக்கு எரிந்தது. முன்பைவிட நன்றாக, ஏறக்குறைய பழைய அளவுக்கு. கூர்மையான ஒலிகளுக்கு எரியவில்லை. டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலின் ஓசை இருக்கிற இடம் அது, அது போய்விட்டது என்று புரிந்தது. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள ஒலிகள். மனிதர்கள் பேசுவது அந்த இடத்தில்தான். அது இல்லையென்றால் வினோத் இடது பக்கம் வந்து சொன்னாலும் பிரயோஜனமில்லை.

மெல்லிய ஒலி ஒன்றை அனுப்பினேன். விளக்கு எரியவில்லை. கொஞ்சம் ஏற்றினேன். எரியவில்லை. இன்னும் ஏற்றினேன். அப்போது உள்ளே இருந்த மைக் வழியாக அவன் குரல் வந்தது.

"அக்கா, இப்போ ஒண்ணு வந்துச்சா? இல்ல நானா நெனச்சுக்கினேனா?"

சோதனை நடக்கும்போது நாங்கள் பதில் சொல்லக் கூடாது. வினோத் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

"தெரியாம அமுக்க மாட்டேன் அக்கா. இன்னொருதபா அனுப்புங்க."

அதே ஒலியை, அதே அளவில், மறுபடியும் அனுப்பினேன். விளக்கு எரியவில்லை. அவன் முதுகு அசையவில்லை. நெடுநேரம் காத்திருந்தேன். ரயில் எதுவும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு மூன்றாவது முறையாக அனுப்பினேன்.

விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. உள்ளே அவன் பொத்தானை அமுக்கியபடியே அழுதுகொண்டிருந்தான்.